பாலிசி படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? கடைசி ஆண்டில் எந்தப் பேப்பர் எடுப்பது?

டெல்லிப் பல்கலைக்கழக இளங்கலையில் நான்காம் ஆண்டு என்று ஒன்று வந்ததிலிருந்து, பப்ளிக் பாலிசி (அரசுக் கொள்கை) முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிற நார்த் கேம்பஸ் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "அக்கா, ஏழாவது செம்முக்கு என்ன எடுக்கட்டும்? எக்கனோமெட்ரிக்ஸ் எடுத்தா ஜிபிஏ அடி வாங்குமா? பப்ளிக் பாலிசின்னே ஒரு பேப்பர் இருக்கே, அதை எடுத்தா பொருத்தமா இருக்காதா?" (எக்கனோமெட்ரிக்ஸ் என்றால் பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசுகிற பாடம், ஜிபிஏ என்றால் எல்லாப் பேப்பருக்குமான சராசரிப் புள்ளி.) கேட்பவர்களில் சிலர் மதுரை, திருச்சியிலிருந்து சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி வந்து கமலா நகர் பி.ஜி.க்களில் தங்கியிருப்பவர்கள், சிலர் ஆர்.கே. புரம், மயூர் விஹார் வீட்டுப் பிள்ளைகள். பின்னவர்களின் வீட்டில் அப்பா மத்திய அரசு உத்தியோகம், பிள்ளை யு.பி.எஸ்.சி. எழுத வேண்டும் என்று ஆசை, அதனால் எந்தப் பேப்பரைச் சொன்னாலும் "இது ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உதவுமா?" என்று பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மார்க் ஷீட்டைக் கையில் எடுக்கிற அட்மிஷன்காரருக்கு உங்கள் மேல் ஏதோ ஒரு சந்தேகம் வரும். பொலிட்டிகல் சயன்ஸ் மாணவி என்றால் "இவருக்கு எண்கள் வருமா?" என்பார், பி.டெக். என்றால் "இவருக்கு சமூகம் புரியுமா, நாலு பக்கம் ஒழுங்காக எழுத வருமா?" என்பார். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக நிற்கிற பேப்பரை எடுங்கள். ஏற்கெனவே பலமாக இருக்கிற இடத்தில் இன்னொரு பேப்பரைச் சேர்ப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

பேப்பர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அமெரிக்க, ஐரோப்பியப் பாலிசி பள்ளிகள் பலவற்றின் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் வரும். ஏழாவது செமஸ்டர் பரீட்சை நடப்பதே வழக்கமாக டிசம்பர் வாக்கில்தான். ஆக, படித்துக்கொண்டே விண்ணப்பிக்கிற ஒருவரின் மார்க் ஷீட் ஆறாவது செமஸ்டரோடு நின்றுவிடும், ஏழாவது செமஸ்டர் பேப்பர்கள் மார்க் இல்லாமல் வெறும் பெயராகப் போய் நிற்கும், எட்டாவதை யாரும் பார்க்கவே போவதில்லை. இதனால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஏழாவது செமஸ்டரில் கடினமான பேப்பரை எடுக்க ஜிபிஏ பயம் அவ்வளவு தேவையில்லை, பேப்பரின் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். எட்டாவது செமஸ்டரை விண்ணப்பத்துக்காக வீணாக்காமல், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தலை சுற்றாமல் இருக்க எது வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு இறுதி மார்க் ஷீட் கேட்பார்கள் என்பதால் ஃபெயில் மட்டும் ஆகக் கூடாது. ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், எல்லா மார்க்கும் தெரியும்.

ஜிபிஏ பயத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நான்கு வருஷத்துக்கு மொத்தம் 176 கிரெடிட், ஒரு பேப்பருக்கு 4 கிரெடிட். சுலபமான பேப்பரில் ஓ வாங்கினால் 10, எக்கனோமெட்ரிக்ஸில் பி பிளஸ் வாங்கினால் 7. வித்தியாசம் 3 புள்ளி, அதை 4 கிரெடிட்டால் பெருக்கி 176-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.07. உங்கள் சிஜிபிஏ 8.40 என்றால் 8.33 ஆகும். இதற்காகவா இரண்டு வாரம் தூக்கம் கெட வேண்டும்? ஒரே செமஸ்டரில் மூன்று கடினமான பேப்பரை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றிலும் சறுக்கினால் அது வேறு கதை.

சரி, பேப்பர்களுக்கு வருவோம். ஏழாவது செமஸ்டரில் உங்கள் பாடத்தின் கட்டாயப் பேப்பர் ஒன்று, அதோடு மூன்று இடங்கள். அந்த மூன்றையும் உங்கள் துறையின் டி.எஸ்.இ. பேப்பர்களாலேயே நிரப்பலாம், ஒன்றோ இரண்டோ இடத்தை வெளித் துறையின் ஜி.இ. பேப்பருக்குக் கொடுக்கலாம். அது போக டிசர்ட்டேஷன் (ஆய்வேடு), இல்லாவிட்டால் அகாடமிக் ப்ராஜெக்ட், இல்லாவிட்டால் தொழில்முனைவு. பாலிசிக்குப் போகிறவர்கள் அந்த ஜி.இ. இடத்தைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பிற துறைக்குள் போய் உங்கள் குறையைச் சரிசெய்ய பல்கலைக்கழகமே திறந்து வைத்திருக்கிற கதவு அது.

முதலில் புள்ளியியலும் எக்கனோமெட்ரிக்ஸும். ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், பொருளாதாரம் படிக்காத எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். ஹார்வர்டின் கென்னடி பள்ளி எம்.பி.பி. (பப்ளிக் பாலிசி முதுகலை) விண்ணப்பத்தில், நீங்கள் எண் சார்ந்து என்னவெல்லாம் படித்தீர்கள், வேலையில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று தனியாக ஒரு ரெஸ்யூமே கேட்பார்கள். ஹானர்ஸ் பொலிட்டிகல் சயன்ஸ் படித்தவர் அந்தப் பக்கத்தில் பிளஸ் டூ கணக்கை எழுதிவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு புள்ளியியல் பேப்பர், அதற்கு மேல் ஒரு ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவது) பேப்பர் இருந்தால் அந்தப் பக்கம் நிரம்பிவிடும்.

விண்ணப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பேப்பர் உங்களை என்ன செய்யும் என்று ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் சேர்ந்து 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். ஆறு வருஷத்தில் இவ்வளவு ஏற்றமா என்று செய்தியில் படித்தால் மலைப்பாக இருக்கும். அந்த மூலத் தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என்னிடம் வந்த ஒரு மாணவி அப்படி இறக்கி, எக்செல்லில் போட்டு நேரடியாகச் சராசரி எடுத்துவிட்டு "அக்கா, அரசாங்கம் சொல்ற நம்பர் வரவே மாட்டேங்குது" என்றார். வராதுதான். ஒவ்வொரு குடும்பத்தின் வரிசையிலும் மல்டிப்ளையர் என்று ஒரு எண் இருக்கும், அந்தக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்பதற்கான எடை அது. அதைப் போட்டுக் கணக்கிட்டால்தான் நாட்டின் எண் வரும். போட்டார், வந்தது. அப்புறம்தான் அவருக்கு உண்மையான கேள்வி பிறந்தது: வருஷத்தில் 30 நாளோ அதற்கு மேலோ செய்த துணை வேலையும் இந்தக் கணக்கில் சேரும், வீட்டுத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுகிறவரும் சேர்வார், ஏறிய பங்கில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழிலில்தான் இருக்கிறது, அப்படியென்றால் பெண்களுக்கு வேலை கிடைத்ததா, இல்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை கணக்கில் வந்ததா? இந்தக் கேள்வியை எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதுகிற கட்டுரையில், ஒரு பத்தி எழுதினால் போதும், "நான் சிறுவயதிலிருந்தே சமூக மாற்றத்தில் ஆர்வம் உள்ளவள்" என்று தொடங்கும் பத்திக்கு வேலையே இருக்காது.

அடுத்தது மைக்ரோ எகனாமிக்ஸ், பப்ளிக் ஃபைனான்ஸ் (அரசின் வரவு செலவு) வகை. எண் பயம் ரொம்ப இருப்பவர்களுக்கும் வரலாறு, சமூகவியல் படித்தவர்களுக்கும் இதிலிருந்து தொடங்குவது சுலபம். அடிப்படை மைக்ரோ பேப்பர் ஒன்றுகூட இல்லாமல் வெளிநாட்டு எம்.பி.பி.க்குப் போனால் முதல் செமஸ்டரே மூச்சு முட்டும். ஏற்கெனவே மைக்ரோ படித்தவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பப்ளிக் ஃபைனான்ஸ். நம் வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் "நாம ஒரு ரூபாய் கட்டினா டெல்லி எவ்வளவு திருப்பித் தருது" என்ற சண்டை நடக்காத வாரம் உண்டா? அந்தச் சண்டைக்குப் பின்னால் இருப்பது மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கிற நிதிக் குழுவின் சூத்திரம். 2026 மார்ச் வரைக்கான 15-ஆவது நிதிக் குழுவின் கணக்கை உதாரணமாகப் பாருங்கள். பகிர்வதற்கான மத்திய வரியில் மாநிலங்களுக்கு மொத்தம் 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பங்கைப் பிரித்த அளவுகோல்களில் பெரியது வருமான இடைவெளி (பணக்கார மாநிலத்தைவிடத் தலா வருமானம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது), அதற்கு 45 சதவீத எடை. 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, காடுகளுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5. இதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, எந்த எடையை மாற்றினால் எந்த மாநிலம் இழக்கும் என்று ஒரு டெர்ம் பேப்பர் எழுதினால் அதையே எழுத்து மாதிரியாக அனுப்பலாம். புள்ளியியலோடு ஒப்பிட்டால் பேப்பரின் பெயருக்கு மதிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் எழுதிக் காட்ட விஷயம் அதிகம்.

கால்குலஸ் (நுண்கணிதம்)? இதைப் பற்றி நிறையக் குழப்பம். கென்னடி பள்ளியின் மாஸ்டர் இன் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் இன் இன்டர்நேஷனல் டெவலப்மென்ட் மாதிரியான படிப்புக்கு மைக்ரோ, மேக்ரோ, பல மாறிகள் உள்ள கால்குலஸ் மூன்றும் முன்நிபந்தனை, அங்கே குறி வைத்திருந்தால் வேறு பேச்சே இல்லை, எடுத்தே ஆக வேண்டும். சாதாரண எம்.பி.பி.க்கு அது தேவையில்லை. "ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் நல்ல ஸ்கோர் எடுத்தால் போதாதா?" என்பார்கள். ஜி.ஆர்.இ. கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு, அதில் கால்குலஸ் கிடையாது. எண்ணைக் கண்டு ஓடமாட்டீர்கள் என்று வேண்டுமானால் அது காட்டும், பல பள்ளிகள் அதைக் கட்டாயமாகக் கேட்பதும் இல்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கல், பல கணிதப் பேப்பர்களுக்குப் பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்பார்கள். தமிழ்நாட்டில் காமர்ஸ் குரூப்பும் ஆர்ட்ஸ் குரூப்பும் எடுத்து வந்தவர்களுக்கு அங்கேயே கதவு சாத்திவிடும். அவர்கள் கவலைப்படாமல் புள்ளியியல் பக்கம் போகலாம்.

இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற பேப்பர்: பெயரிலேயே பப்ளிக் பாலிசி, கவர்னன்ஸ் என்று இருக்கிற பேப்பர்கள். பொலிட்டிகல் சயன்ஸ்காரர்களுக்கு நான் இதைக் கடைசியில் வைப்பேன். கொள்கை எப்படி உருவாகிறது, எந்தக் கட்டத்தில் யார் நுழைகிறார்கள் என்ற அந்தப் பாடத்தை எந்தப் பாலிசி பள்ளியும் முதல் செமஸ்டரில் மறுபடியும் நடத்தத்தான் போகிறது. விண்ணப்பத்தில் அது "எனக்கு ஆர்வம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும், ஆர்வத்தைத்தான் விண்ணப்பமே சொல்லிவிடுகிறதே. ஆனால் பி.டெக்., பி.காம். பிள்ளைகளுக்கு நேர் எதிர் ஆலோசனை. ஐ.ஐ.டி.யில் நாலு வருஷம் சர்க்யூட் போட்டவரிடம் போய் இன்னும் ஒரு மெஷின் லேர்னிங் எடு என்று சொல்வதில் என்ன பயன்? அவர்கள் ஹியூமானிட்டீஸ் துறைப் பேப்பர் ஒன்று எடுத்து, இருபது பக்கம் கட்டுரை எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு மையில் திட்டு வாங்க வேண்டும்.

சுற்றுச்சூழல், சுகாதாரம், நகரம் என்று ஒரு துறையைப் பிடித்துக்கொள்கிற பேப்பர்கள் நடுவில் நிற்கும். டெல்லியில் இருந்துகொண்டு காற்று மாசு பற்றி எழுதாமல் இருக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் அதனாலேயே டெல்லியிலிருந்து போகிற விண்ணப்பங்களில் பாதி காற்றைப் பற்றித்தான் இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். ஏற்கெனவே அந்தத் துறையில் இன்டர்ன்ஷிப் செய்தவர் எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். இல்லையென்றால் தனியாகத் தொங்கும்.

கோடிங், அதாவது ஆர், ஸ்டேட்டா, பைத்தான், இதற்கெல்லாம் ஒரு ஜி.இ. இடத்தைச் செலவு செய்ய வேண்டாம். எக்கனோமெட்ரிக்ஸோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஒப்பீட்டில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது டிசர்ட்டேஷன்தான், அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏழாவதிலும் எட்டாவதிலும் தலா 6 கிரெடிட், ஒரு வழிகாட்டி, ஒரு வருஷ உழைப்பு. மார்க்கைவிட இதில் கிடைக்கிற பெரிய விஷயம் சிபாரிசுக் கடிதம். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த உங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் என்ன எழுத முடியும்? "ஒழுங்காக வருவார், நல்ல பண்புள்ளவர்" என்று எழுதுவார், அந்தக் கடிதத்தை வாசிக்கிறவர் அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். அதே பேராசிரியர் நாலு மாதம் உங்கள் வரைவைத் திருத்தியிருந்தால், முதல் வரைவில் என்ன கோளாறு இருந்தது, சொன்ன பிறகு நீங்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுவார். டிசம்பரில் கடிதம் வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே வழிகாட்டியைப் பிடித்துவிட வேண்டும், தீபாவளிக்குள் ஒரு அத்தியாயமாவது அவர் கையில் இருக்க வேண்டும். அகாடமிக் ப்ராஜெக்டிலும் நல்ல வழிகாட்டி கிடைத்தால் இதே பலன் உண்டு. தொழில்முனைவுப் பாதை பாலிசிக்கு ஒத்துவராது, தனியாகக் காரணம் இருந்தால் ஒழிய.

தலைப்பு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. இரண்டு மாநிலத்து நிர்வாகம் உங்களுக்குப் பழக்கம், இரண்டு இடத்திலும் மொழி தெரியும். டெல்லியில் 2019 அக்டோபரில் அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணத்துக்கான பிங்க் டிக்கெட் வந்தது, தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தது. மேலோட்டமாக ஒரே திட்டம். ஆனால் டெல்லியில் மெட்ரோவும் ஓடுகிறது, அது இலவசம் இல்லை, தமிழ்நாட்டில் இந்தப் பேருந்துகள் சிறு ஊர்கள் வரைக்கும் போகின்றன. டிக்கெட் எண்ணிக்கை பயணங்களை எண்ணும், பெண்களை எண்ணாது. ஒரே அம்மா காலையும் மாலையும் ஏறினால் இரண்டு. புதிதாக எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2019-இலும் 2024-இலும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா, நடுவில் கோவிட் வந்து போனதை என்ன செய்வது? இந்த இடத்தில்தான் முன்னே சொன்ன புள்ளியியல் பேப்பர் வந்து கைகொடுக்கும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுத்தால் ஒன்றுக்கு ஒன்று தீனி போடும். அதனால் என்னைக் கேட்டால், பொலிட்டிகல் சயன்ஸ் மாணவிக்கு ஏழாவது செமஸ்டர் இப்படி இருக்கலாம்: கட்டாயப் பேப்பர், புள்ளியியலோ எக்கனோமெட்ரிக்ஸோ ஒரு ஜி.இ., மைக்ரோ இல்லாதவர் என்றால் அதுவும் ஒரு ஜி.இ., தன் துறையில் எழுத்து அதிகம் வாங்குகிற ஒரு டி.எஸ்.இ., அதோடு எண்ணைத் தொடுகிற டிசர்ட்டேஷன். பொருளாதாரம் ஹானர்ஸ் என்றால் தலைகீழ்: எக்கனோமெட்ரிக்ஸ் ஏற்கெனவே முடிந்திருக்கும், அதனால் வெளி இடத்தைச் சமூகவியலுக்கோ, அரசியலமைப்புச் சட்டம் சார்ந்த பேப்பருக்கோ கொடுத்துவிட்டு, டிசர்ட்டேஷனுக்காக நாலு பேரை நேரில் பேட்டி எடுக்கச் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டுக்கு. இந்தியாவில் நிலவரம் வேறு. பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலின் எம்.பி.பி.க்கு என்.எல்.சாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், டிஸ் (டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்) 2024 முதல் சி.யு.இ.டி. பி.ஜி. வழியாக எடுக்கிறது. நுழைவுத் தேர்வே பெரும்பாலும் தீர்மானிக்கிற இடத்தில் நீங்கள் ஏழாவது செமஸ்டரில் என்ன பேப்பர் எடுத்தீர்கள் என்பதற்கு மதிப்பு மிகக் குறைவு. இங்கே மட்டும்தான் போகப் போகிறீர்கள் என்றால், செய்தித்தாளும் கட்டுரைப் பயிற்சியும் பேப்பர் தேர்வைவிட முக்கியம், நான் கடைசியில் வைத்த அந்தப் பப்ளிக் பாலிசி பேப்பர்கூடக் கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் கைகொடுக்கும். வீட்டில் யு.பி.எஸ்.சி. பேச்சு நிற்காது என்றால் அவர்களைச் சமாதானப்படுத்தவும் அதுவே வசதி.

நான்காம் ஆண்டே வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், மூன்றே வருஷத்தில் 132 கிரெடிட்டோடு வெளியே வந்துவிடலாமே. பிரிட்டன், இந்தியா என்றால் மூன்று வருஷப் பட்டம் பொதுவாகச் செல்லும். அமெரிக்காவில் பல இடங்களில் நான்கு வருஷம் கேட்பார்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும், பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பி.ஜி. வாடகை, சாப்பாடு என்று இன்னொரு வருஷச் செலவு சின்ன விஷயமில்லை. மூன்றாம் ஆண்டோடு வெளியே வந்து, பி.ஆர்.எஸ். என்கிற சட்ட ஆய்வு அமைப்பு நடத்துகிற லேம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு எம்.பி.யோடு வேலை பார்ப்பது, நல்ல வழிகாட்டி கிடைக்காத நான்காம் ஆண்டைவிட எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். நல்ல வழிகாட்டி உறுதி என்றால் நான்காம் ஆண்டு.

கடைசியாக, "எங்க காலேஜ்ல அந்தப் பேப்பரே ஓடலை அக்கா" என்கிறவர்களுக்கு. போதுமான ஆள் சேரவில்லை என்று ஜி.இ.யை ரத்து செய்வது சகஜம். முதலில் துறைத் தலைவரிடம் பத்துப் பேர் கையெழுத்தோடு போய்ப் பாருங்கள், சில சமயம் நடக்கும். நடக்காவிட்டால் ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் புள்ளியியல், எக்கனோமெட்ரிக்ஸ் பாடங்கள் இலவசம், பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபாய், நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும் என்பதால் அந்தச் சான்றிதழுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஜூலையில் சேர்ந்தால் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் பரீட்சை முடிந்துவிடும். கொஞ்சம் பணமும் நேரமும் இருந்தால் எம்.ஐ.டி.யின் மைக்ரோமாஸ்டர்ஸ் ஆன்லைன் படிப்புகளில் தரவும் பாலிசியும் சேர்ந்த ஒன்று இருக்கிறது, அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் பாடம் எடுப்பார்கள், கட்டணம் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். முழுவதும் வேண்டாம், சமூக அறிவியலாளர்களுக்கான தரவுப் பகுப்பாய்வுப் பாடம் ஒன்றை மட்டும் முடித்து, அந்த எண் ரெஸ்யூமே பக்கத்தில் எழுதினாலே போதும்.